பதினெட்டாம் மதகில் மணி பன்னிரண்டு

ஃபெர்னான் கோஷேக்கு மெதுவாக வேலை செய்யத் தெரியாது. பிரான்சின் பர்கண்டிக் கால்வாயில் இருபத்தாறு வருடமாக மதகுக்காரர். பன்னிரண்டு முதல் பதினேழு வரை ஆறு மதகுகள் அவர் பொறுப்பு. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்துப் படகை இறக்கி, முன்கதவைத் திறந்துவிட்டு மொபெட்டில் அடுத்த மதகுக்குப் பறந்துவிடுவார். கரையோரத்தில் அவருக்கு ‘கடிகாரம்’ என்றே பெயர். ஐம்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று கடிகாரத்துக்கு மட்டும் தோன்றவே இல்லை.

அன்றைக்கு வந்தது அந்த வருடத்தின் கடைசிப் படகு. மறுநாளிலிருந்து மார்ச் வரை கால்வாயை மூடிவிடுவார்கள். அப்புறம் பதினெட்டாம் மதகின் மதகுக்காரி ஒதீலை எங்கே பார்ப்பது? எட்டு கிலோமீட்டர்தான், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காரணமில்லாமல் ஒருத்தி வீட்டு வாசலில் போய் நின்றால் சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சைத் தாங்க அவருக்குத் துணிச்சல் கிடையாது. காரணம் தானாக அமைய வேண்டும்.

அமைய ஒரு வழி இருந்தது. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்று வரை அங்கே சாப்பாட்டு நேரம். ராஜாவே வந்தாலும் மதகு திறக்காது. மணி அடிக்கும்போது படகு ஒதீலின் மதகுக்குள் பாதி இறங்கி நின்றால், ஒரு மணி நேரம் அங்கேயே கிடக்கும். அதைக் கொண்டுவந்த மதகுக்காரரும் அது வெளியேறும்வரை நகரக் கூடாது. பன்னிரண்டுக்கு ரொம்ப முந்திப் போனாலும் கெட்டது, பிந்திப் போனாலும் கெட்டது. மொபெட் கூடையில், காலையில் அவரே சுட்ட பிளம் பழ டார்ட் பலகாரம் துணியில் மூடி இருந்தது.

படகில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி. ஒல்லியான நீளப் படகு. மதகின் இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்தாலே நுழைந்துவிடும். ஃபெர்னான் அன்றைக்கு இரண்டையும் திறந்தார், அதுவும் ஆற அமர. படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் நெவிலுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, நீங்க களைச்சுப்போயிருக்கீங்க. நான் சுத்துறேன், குடுங்க!” என்று மதகைச் சுற்றும் இரும்புக் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டார். நல்ல மனுஷர். வேலை இரண்டு மடங்கு வேகமாக நடந்தது. பதினைந்தாம் மதகு முடிந்தபோது மணி பத்தே முக்கால். ஃபெர்னானுக்கு அழுகை வராத குறை.

நெவிலின் மனைவி பெரில் கரையில் நின்று கூடையை மோந்து பார்த்தார்.

“பிளம்மா? ஒரு ஆளுக்கு இவ்வளவு பெருசா?”

“மதியத்துக்கு,” என்றார் ஃபெர்னான். காது இரண்டும் சிவந்துவிட்டது.

“யாரோட?”

“பதினெட்டாம் மதகுல... பன்னிரண்டுக்குப் போனா...” பெரிலுக்கு அதுவே போதும்.

பதினாறாம் மதகில் பெரிலின் தொப்பி தண்ணீரில் விழுந்தது. காற்றே இல்லை.

“நெவில்! என் தொப்பி! அம்மா குடுத்தது!”

“போன வாரம் சந்தையில வாங்கினதுதானே?”

“வாய மூடிட்டு எடுங்க!”

நெவில் நீளக் கொக்கியால் முக்கால் மணி நேரம் துழாவினார். பெரில் ரொம்பவே நன்றாக நடித்துவிட்டார். தொப்பி கிடைத்தபோது மணி பதினொன்றே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மதகு பாக்கி! ஃபெர்னான் மொபெட்டை முறுக்கினார். பதினேழாம் மதகில் ஒற்றைக் கதவு, தண்ணீரை வடிக்கும் மதகுப் பலகைகள் ஒரே மூச்சில் மேலே. நெவில் வாயைப் பிளந்தார். “களைப்பெல்லாம் எங்க போச்சு?”

பதினெட்டாம் மதகில் ஒதீல் கதவருகே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

“கடிகாரத்துக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?” என்றார் தன் கரகரப்பான குரலில். அந்தக் குரலைத்தான் ஃபெர்னான் வருடம் முழுக்கத் தலைக்குள் வைத்துக்கொண்டு அலைவார். “நாலு நிமிஷம் இருக்கு. உள்ள விடுங்க.”

படகு நுழைந்தது, கதவு மூடியது, தண்ணீர் வடிந்தது. பாதி இறங்கும்போது ஊர்த் தேவாலய மணி அடித்தது. ஒதீல் பலகைகளை இறக்கிவிட்டுக் கைப்பிடியைக் கழற்றினார்.

“பாதிலயே நிக்குதேம்மா!” என்று கீழே பாசி படிந்த சுவர்களுக்கு நடுவிலிருந்து நெவில் கத்தினார்.

“பன்னிரண்டு,” என்றார் ஒதீல்.

“சாண்ட்விச் இருக்கு, உக்காருங்க,” என்றார் பெரில்.

ஃபெர்னான் கூடையைத் திறந்தார். வந்த வேகத்தில் டார்ட் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. காலையிலிருந்து மனப்பாடம் செய்த வாக்கியமும் நசுங்கிப்போயிருந்தது.

“இது... ஒரு ஆளுக்குக் கொஞ்சம் அதிகம்.”

ஒதீல் திரும்பி மதகோர வீட்டுக்குள் நடந்தார். ஃபெர்னான் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அடுப்பில் கடுகுச் சாந்து போட்ட முயல் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கண்ணாடிக் கோப்பை.

“யாரோ வர்றாங்க போல. நான் வெளியில இருக்கேன்.”

“நாலு வருஷமா கடைசிப் படகு அன்னிக்கு ரெண்டு தட்டு வைக்கிறேன்,” என்றார் ஒதீல், முதுகைக் காட்டியபடியே. “நீங்க பதினொன்னேகாலுக்கே படகக் கொண்டாந்து தள்ளிட்டு, தொப்பியத் தூக்கி ஒரு வணக்கம் வச்சுட்டுப் போயிடுவீங்க. முயல் முழுக்க நானே தின்னுருக்கேன், நாலு வருஷமா! உக்காருங்க.”

ஃபெர்னான் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியவில்லை.

மணி ஒன்று அடித்தது. கீழே நெவில் மணியோசைக்குப் பதில் சொல்வதுபோல் படகு ஹாரனை அடித்தார். ஒதீல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, டார்ட்டில் நசுங்காத பக்கத்தை வெட்டி அவர் தட்டில் வைத்தார்.