நான் பாதியில் விட்ட ஜெபம்

என் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. களைந்த அரிசி என் கையில் இருந்தது. அதை உலையில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். ஜீப் ஆற்றங்கரை மேட்டில் ஏறி மறைகிறவரைக்கும் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது தைமாதம் அது. நான் முழுகாமல் இருந்தேன்.

சபையில் இருக்கிற சகோதர சகோதரிகளுக்கு இதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் வாய் வரவில்லை. என் பங்கில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லாததால் தயங்கினேன். ஆனால் நடந்தது என்னுடைய காரியம் இல்லை, ஆண்டவருடைய காரியம். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். நன்னிலம் தாலுகாவில் முடிகொண்டான் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். அவர் பெயர் மாசிலாமணி. தாய் தகப்பன் இல்லாதவர், பண்ணையில் கூலி வேலை. ஒரு குடிசை, இரண்டு பானை, ஒரு பாய், அவர் சட்டை மாட்டுகிற ஆணி. இதுதான் எங்கள் குடித்தனம். வேலை முடிந்து வருகிறபோது வாய்க்காலில் நண்டு பிடித்துத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். நான் மிளகு அரைத்து ரசம் வைப்பேன். சாப்பிடும்போது, "உப்பு சரியா இருக்கு புள்ள" என்று தினமும் ஒருதரம் சொல்வார். உப்புக் கூடிப்போன அன்றும் அதையேதான் சொல்வார். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அது சந்தோஷம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆட்சி மாறியிருந்த காலம். இனி எல்லாம் மாறும் என்று மேடையில் பேசினார்கள். எங்கள் ஊரில் மாறவில்லை. சம்பா அறுப்புக்குக் கூலி அரைப்படி நெல் கூட்டித் தரவேண்டும் என்று விவசாயக் கூலிகள் சங்கம் கேட்டது. பண்ணையார் முடியாது என்றார். எங்கள் தெரு ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் அசலூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார். பண்ணை ஆட்களோடு பேச்சு கிடையாது, அவர்கள் வாசல் மிதிக்கக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. எங்கள் தெருப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று பண்ணையிலும் கட்டுப்பாடு. என் வீட்டுக்காரர் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவர்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். எங்கள் குடிசைக்குப் பின்னால் மூங்கில் கொத்துக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பண்ணையாருடைய காரியக்காரர் ராமையன். வயல் வேலையெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவர். அவர் எங்கள் தெருவுக்கு வருவதே அதிசயம், அதுவும் கொல்லைப் பக்கமாக.

"மாசி, என் வீட்டு மாடு கன்னு போட முடியாம கெடக்குடா. கன்னோட கால் மடங்கி நிக்குது. வந்து பாருடா. செத்துப்போயிரும்டா."

இவருக்கு மாட்டு வைத்தியத்தில் நல்ல கை. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போவாதீங்க. சங்கத்துல தெரிஞ்சா என்னா ஆவும்?"

"வாயில்லா சீவன் புள்ள. அது எந்தச் சங்கத்துல இருக்கு?" என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பண்ணையார் களத்தில் தீ. அறுத்து அடுக்கி வைத்திருந்த நெற்கட்டுப் போர் பற்றிக்கொண்டு எரிந்தது. காவலுக்கு இருந்த கிழவருக்குக் கையெல்லாம் வெந்துபோயிற்று. யார் வைத்த தீ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெருவே வெளியில் வந்து நின்று வானம் சிவந்ததைப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். முகத்தில் சிரிப்பு. "கிடேரிக் கன்னு. தாயும் பொழச்சிக்கிச்சு" என்றார். வருகிற வழியில் தீயைப் பார்த்து அவருக்கும் பயம்தான். ஆனாலும் நாம் செய்யாததுக்கு நமக்கு என்ன என்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். நான் துவைத்துக் காயப்போட்டேன்.

மறுநாள்தான் ஜீப் வந்தது. போருக்குத் தீ வைத்தது, காவலாளைக் கொல்லப் பார்த்தது என்று வழக்கு.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தபோது கன்னத்தில் வீக்கம் இருந்தது. "நீங்க எங்க இருந்தீங்கன்னு சொல்லிடுங்க" என்று அழுதேன்.

"கத்தாத" என்றார். "நான் சொன்னா ராமையன் பொழப்பு போயிரும். பண்ணையில ஒரு பொழுது வச்சிருக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்களும் என்னய துரோகிம்பாங்க."

"அப்ப நம்ம பொழப்பு?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டார்.

அவர் பேச்சைக் கேட்காமல் நான் சங்கத்து வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "நீ பெண்டாட்டி. உன் வார்த்தை கோர்ட்டில் நிற்காது அம்மா. அந்தக் காரியக்காரர் வந்து சொன்னால் உண்டு" என்றார். ஜாமீனில் எடுக்கவாவது முடியுமா என்று கேட்டேன். சொந்த மனை, வீட்டு வரி ரசீது உள்ள ஆள் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் சொந்த மனை கிடையாது. எல்லாக் குடிசையும் பண்ணையார் மண்ணில் நிற்கிறது. யார் வருவார்கள்?

ராமையன் வீட்டுக்குப் போனேன். கொல்லைப் பக்கம் போய் நின்றேன். அந்தக் கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டிருந்தது. அவர் என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனார்.

"ஐயா, அன்னைக்கு அவரு இங்கதானே இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"யாரு? எவன்? நான் அவனப் பாக்கவே இல்ல."

"ஐயா, இந்தக் கன்னு..."

"போ இங்கேருந்து. யாராச்சும் பாத்தா என் தல உருண்டுரும்."

அவர் மனைவி குஞ்சம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். அழகாக ஜெபம் பண்ண எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, அந்த மனுஷன் வாயைத் திறந்துவிடும்" என்று இது ஒன்றைத்தான் கேட்டேன். காலையிலும் கேட்டேன். மாலையிலும் கேட்டேன். அடுப்பூதும்போது கேட்டேன். நடக்கும்போது கேட்டேன்.

அப்பா சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்து கூப்பிட்டார். "வா, பெத்துப் பிழைச்சதுக்கப்புறம் பாத்துக்கலாம்." நான் போகவில்லை. குடிசையைப் பூட்டிவிட்டுப் போனால் மறுநாளே பண்ணையில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அவர் வெளியில் வந்தால் எங்கே வருவார்?

உள்ளூரில் எனக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. பங்குனி வெயிலில் அசலூருக்கு உளுந்துச் செடி பிடுங்கப் போனேன். குனிந்து பிடுங்கும்போதே இடுப்பில் வலி கண்டது. வரப்பில் உட்கார்ந்தேன். சேலை நனைந்தது. கூட இருந்த பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை என்று ஒருத்தி சொன்னாள். நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று பிறகு பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

அன்றோடு ஜெபத்தை விட்டேன். கேட்டது ஒன்று. கொடுக்காவிட்டால் போகட்டும், இருந்ததையும் எடுத்துக்கொண்டீரே என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. அரளிச் செடியைப் பார்த்தால் வேறு நினைப்பு வந்தது.

எங்கள் கோவிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியாருடைய மனைவி ஞானம்மாள் தினமும் கஞ்சி கொண்டுவருவார். புத்திமதி சொல்ல மாட்டார். ஒருநாள், "ஜெபம் பண்றியாடி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. வாய் வரல. அவருகூட எனக்குப் பேச்சு இல்ல."

வைவார் என்று நினைத்தேன். வையவில்லை. "சரி, விடு. நீ என்னா கேட்டுக்கிட்டிருந்தே, அத மட்டும் சொல்லு. உனக்குப் பதிலா நான் கேக்கறேன்" என்றார்.

சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தடவை ஜெயிலுக்குப் போனபோது பிள்ளை போனதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லவேண்டியிருக்கவில்லை. அவரே பார்த்துவிட்டார். நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நேரமாச்சு என்று காவலர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நெற்றியை எடுத்தார்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் நடவு. அப்போதுதான் வழக்கு விசாரணைக்கு வந்தது. வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "மனசைத் தேத்திக்கோ அம்மா. ராமையன் போலீஸ் தரப்புச் சாட்சியாக வருகிறார். களத்திலிருந்து மாசிலாமணி ஓடியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லப்போகிறார்" என்றார்.

நான் எந்த வாய் திறக்கவேண்டும் என்று கேட்டேனோ அந்த வாய் திறக்கப்போகிறது. எங்களைப் புதைக்கத் திறக்கப்போகிறது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

கோர்ட்டுக்கு ஞானம்மாள் என்னோடு பஸ்ஸில் வந்தார். வாசலில் பண்ணையாருடைய கார் நின்றது. உள்ளே கடைசியில் சுவரோரம் நின்றோம். ஞானம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. நான் கண்ணை மூடவில்லை.

ராமையன் கூண்டில் ஏறினார். சலவை வேட்டி. வேர்த்துக் கொட்டியது. சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"சம்பவத்தன்று சாயங்காலம் குற்றம் சாட்டப்பட்ட மாசிலாமணியை எங்கே பார்த்தீர்கள்?"

ராமையன் இவரைப் பார்த்தார். இவரும் அவரைப் பார்த்தார். அப்போது இவர் தலையை இப்படியும் அப்படியும் மெள்ள ஆட்டினார். நம்பிக்கை விட்டுப்போய் ஆட்டுகிறார் என்று நினைத்தேன்.

"எங்கே பார்த்தீர்கள்?"

"எங்க வீட்டுக் கொல்லையில" என்றார் ராமையன்.

சர்க்கார் வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "கேள்வி புரிகிறதா? களத்தில் எப்போது..."

"களத்துல இல்லீங்க. எங்க மாடு கன்னு போட முடியாம கெடந்துது. நான்தான் போய்க் கூட்டியாந்தேன். தீன்னு வெளியில சத்தம் கேக்கறப்ப அவன் கையி மாட்டு வயித்துக்குள்ள இருந்துது. என் சம்சாரத்தக் கேளுங்க. இது சத்தியம்."

சொல்லிவிட்டுக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். குஞ்சம்மாவையும் பிறகு கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த அம்மாளும் அப்படியே சொன்னார்.

தீர்ப்பு வருவதற்குள் இன்னும் சில வாய்தா போயிற்று. கடைசியில் விட்டுவிட்டார்கள்.

ராமையன் சாட்சி சொன்ன அன்றே வெளியில் மரத்தடியில் நான் போய் அவர் காலில் விழப்போனேன். விலகிக்கொண்டார். "என் கால்ல விழாத தாயி. சொல்லிக் குடுத்ததெல்லாம் மனப்பாடமாத்தான் வந்தேன். கூண்டுல ஏறி அவனப் பாத்தா, சொல்லாத, சொல்லாதன்னு தலைய ஆட்டுறான். என் பொழப்பு போயிருமேன்னு. ஜெயில்ல கெடக்கறவன் எனக்காகப் பாக்குறான். அதுக்கப்புறம் என் வாயி என் பேச்சக் கேக்கல."

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை என்று அந்த மனிதர் சொன்னார். அவர் நம்முடைய வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஞானம்மாள் என்ன கேட்டுக்கொண்டு நின்றார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஞானம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் பொய் சொன்னவள் ஆவேன். ராமையனைப் பண்ணையிலிருந்து துரத்தினார்கள். அவர் குடும்பத்தோடு மாயவரம் பக்கம் போய்விட்டார். சங்கத்தில் சிலர் இவரோடு வெகுநாள் பேசவில்லை. திரும்பி வந்தவர் முன்போல் பேச்சுக்காரராகவும் இல்லை. சாப்பிடும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒரு கட்சிக் கொடி வைத்த ஜீப் போனாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். போன பிள்ளை போனதுதான். பிறகு ஆண்டவர் இரண்டு பெண் பிள்ளைகளைக் கொடுத்தார். ஆனாலும் உளுந்து வயலைத் தாண்டிப் போகும்போது இன்றும் நான் பேசாமல்தான் போவேன். ஏன் அப்படி ஆயிற்று என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஆனால் இப்போது எங்களுக்குள் பேச்சு இருக்கிறது.

குடியிருப்பு மனைக்குப் பட்டா கொடுக்கச் சட்டம் வந்தபோது அந்தக் குடிசை நின்ற மண் எங்களுக்கே கிடைத்தது. அந்த மண்ணில்தான் இவர் கண்ணை மூடினார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கடைசி நாட்களில் நான் வேத வசனம் வாசித்தால் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் பெரிய விசுவாசி இல்லை என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விசுவாசத்தால் மலையைப் பெயர்த்த கதை அல்ல இது. என் ஜெபத்தை நான் வரப்பில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னொருத்தி அதை எடுத்துச் சுமந்தாள். ஆண்டவர் அதை என் ஜெபமாகவே கணக்கு வைத்துக் கேட்டார். அந்த நன்றிக்குத்தான் இத்தனை வருஷமாக நான் நோயாளிகள் வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஜெயில் வாசலுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். போய் உட்காருவேன், அவ்வளவுதான்.

உங்களில் யாராவது இன்றைக்கு அப்படி வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கலாம். பாட்டுப் பாடும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கலாம். பயப்படாதீர்கள். கேட்க முடியவில்லை என்றால் கேட்காதீர்கள். ஆனால் நான் அன்று போனதுபோல் இந்தக் கதவைத் தாண்டி வெளியே போய்விடாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கத்தில் சும்மா இருங்கள். நான் அப்படித்தான் இருந்தேன். ஆண்டவர் செய்தார்.