கம்ப்யூட்டருக்குப் படகு பெயிண்ட்

சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் வீடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து, பழையபடியே வைத்துக்கொள்ளும் என் கிறுக்கு உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டது போன மாதம் கிடைத்தது. இரும்புப் பெட்டியில் ஒரு நசுங்கல். அதைத் தட்டி நிமிர்த்த, விசைப்படகு வேலை பார்க்கும் பட்டறைக்கார அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தேன்.

"பெயிண்ட் மட்டும் அடிச்சிராதிய அண்ணாச்சி, அந்தப் பழைய கலருதான் எனக்கு முக்கியம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

இன்று போனால், பெட்டி கடல்நீலத்தில் மின்னுகிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வேறு.

"என்ன அண்ணாச்சி இது?"

"இரும்ப அப்படியே விட மனசு வரல டீச்சர். உப்புக்காத்து தின்னுரும்லா. இது போட்டுக்கு அடிக்கிற பெயிண்டு. கடல்ல கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"இத எதுக்கு நான் கடலுக்குக் கொண்டு போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் துணியால் துடைத்து, சாக்கு விரித்து, ஆட்டோவில் அவரே ஏற்றிவைத்தார்.

"முன்னால எடம் விட்டிருக்கேன், பாத்தியளா? பேரு எழுதாம நாங்க எதையும் வெளிய அனுப்புறதில்ல. என்ன பேருன்னு ஒங்ககிட்ட கேக்காம விட்டுட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க, வந்து எழுதித் தாரேன்."

சுரண்டினால் அடியில் இருக்கும் பழைய நிறமும் சேர்ந்து வந்துவிடும். எனவே, நண்பர்களே, ஒரு பெயர் சொல்லுங்கள்.

புனிதர்கள் பெயர் வேண்டாம். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே படகுகளின் முகப்பில் கடலில் இருக்கிறார்கள்.