பச்சைத் தகடும் நீலக் காரும்

கொரோனா அடங்கி, திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மீண்டும் முழுமூச்சாய் ஓடத் தொடங்கிய ஆண்டின் தை மாதம் அது. பொங்கல் கழிந்த வாரம் என் கணவரைக் கோவையில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். சர்க்கரை நோய் விழித்திரையை அரித்துவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதும் சிறிது சிறிதாக மங்கும் என்று மருத்துவர் சொன்னார். பொங்கலூரை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் இறங்கியதும் அவர் நேராகத் தகரக் கொட்டகைக்குள் சென்று, பல ஆண்டுகளாகத் தார்ப்பாயின் கீழ் கிடந்த எங்கள் பழைய அம்பாசிடர் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, இதை நம்ம ஊட்லயே வெச்சு மறுபடியும் ஓட்டமாக்கிப் போடலாம்" என்றார்.

என் கணவர் வாழ்நாள் முழுதும் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். அயல்நாட்டு வியாபாரி அனுப்பும் விரல் அகலத் துணித்துண்டைப் பார்த்து, அதே நிறத்தை மாற்றுக் குறையாமல் ஒரு லோடு துணிக்கு ஏற்றித் தருவதே அவர் தொழில். பட்டறைகளில் இரண்டு பேர் நிறத்தைப் பற்றி வாதிட்டால், "மாஸ்டர் கண்ணுக்குக் காட்டுங்க" என்று சொல்லி வழக்கை முடிப்பார்களாம். அவருக்கு இருந்த சொத்து அந்தப் பெயர்தான். வெள்ளையாக வாங்கிய அந்தக் காருக்கும் அவரே நின்று கலக்கச் செய்து ஒரு நீலம் அடித்திருந்தார். மழைக்கு முன் தாராபுரம் பக்கம் கூடும் மேகத்தின் ஆழ்ந்த நீலம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்களை மலைக்கோயிலுக்கு ஏற்றிச் சென்றது அந்தக் கார்தான். பெருமாளின் நிறத்திலேயே வண்டி அமைந்துவிட்டது என்று நான் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

மறுநாளே திட்டம் தொடங்கியது. கார் ஆகாத செலவு என்று நினைத்த எங்கள் மகனும், தந்தையின் முகம் பார்த்து ஒப்புக்கொண்டான். எஞ்சினை இறக்கிப் பல்லடத்து மெக்கானிக்கிடம் அனுப்புவது, துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதிது பற்றவைப்பது, கதவு ரப்பர்களுக்கும் விளக்குகளுக்கும் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடுவது என்று எல்லாவற்றையும் கொட்டகையில் நாற்காலி போட்டு அமர்ந்து அவர் முறைப்படுத்தினார். துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை வந்திறங்கியது. வீட்டில் பல மாதங்களாக இல்லாத பேச்சும் சிரிப்பும் அந்தக் கொட்டகையில் கேட்டன.

ஒன்றில் மட்டும் அவர் ஊர் வழக்கத்துக்கு மாறாக நின்றார். எல்லாவற்றுக்கும் முன்னால் நிறம் முடிவாக வேண்டும் என்றார். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகன், காருக்குப் பெயின்ட் கடைசி வேலை, கதவே கையோடு வருகிறது, அதற்குள் நிறம் எதற்கு என்று கேட்டான்.

"ஷேடு அப்ரூவல் ஆகாம எவனாச்சும் நூலைத் தொடுவானா? நீங்கெல்லாம் என்னடா கம்பெனி நடத்தறீங்க" என்று அவனைச் சீண்டினார்.

நிறத்துக்கு முதலில் ஒப்புதல் வாங்கும் சாயத் தொழிலின் பழக்கத்தை விடமுடியாமல் பேசுகிறார் என்று நாங்கள் சிரித்தோம். இருக்கும் பார்வை போய்விடுவதற்குள் அந்த ஒன்றையாவது தன் கண்ணாலேயே செய்துவிட வேண்டும் என்று அவர் விரைந்ததை அன்று நான் உணரவில்லை.

வேலம்பாளையத்திலிருந்து ஒரு பெயின்டரை மகன் அழைத்து வந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். காரின் டிக்கிக்குள், ரப்பர் விரிப்பின் அடியில், வெயிலே படாத ஓரிடத்தில் பழைய நீலம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துச் சின்னச் சின்னத் தகடுகளில் பல நீலங்களை அடித்து, ஒரு காலை நேரத்தில் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வரிசையாக வைத்தார். அடியில் முட்டுக் கொடுக்க, வேறொரு வண்டிக்கு அடித்த பச்சைத் தகடு ஒன்றையும் போட்டிருந்தார். முற்றிய மாவிலையின் பச்சை அது.

என் கணவர் நேர்வெயிலை விட்டு, வேப்பமர நிழலின் பரவிய ஒளிக்குத் தகடுகளைக் கொண்டுபோகச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சாய்த்து, தள்ளி, கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். டிக்கியை எட்டிப் பார்த்தார். மறுபடியும் வந்தார். நெடுநேரம் கழித்து, "இதுதானுங்க. மத்ததெல்லாம் பக்கத்துல வருது, இது பழைய நீலத்துக்குள்ளயே போயிருச்சு" என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

அவர் கையில் இருந்தது பச்சைத் தகடு.

பெயின்டர் என்னைப் பார்த்தார். மகன் வாயைத் திறந்தவன், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். சில வாரங்களுக்கு முன் என் பச்சைச் சேலையை அவர் நீலம் என்று சொன்னதும், விளையாடுகிறார் என்று நான் நகர்ந்ததும் அப்போதுதான் நெஞ்சில் வந்து தைத்தன. மருத்துவர் சொன்ன மங்கல், வெளிச்சத்தைத் தொடுமுன் நிறத்தைத் தொட்டுவிட்டிருந்தது. அவரோ பேனாவை வாங்கித் தகட்டின் பின்புறத்தில் கையெழுத்திட்டு, அதை என்னிடம் நீட்டினார்.

"இந்த ஆர்டருக்கு பையர் நீதான் அம்மிணி. நீ கையெழுத்துப் போட்டாத்தான் பல்க் ஓடும்."

மாதிரியைப் பார்த்து வியாபாரி ஒப்பமிட்ட பிறகே முழு லோடுக்கும் சாயம் ஏறும். பல்க் என்பது அந்த முழு லோடு. அந்த முறைமையில்தான் அவர் கேட்டார். அவர் முகத்தில், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு நான் காணாத ஒரு நிறைவு இருந்தது. நான் கையெழுத்திட்டேன்.

பெயின்டர் கிளம்பும்போது வேலியோரம் என்னைத் தனியே அழைத்தார். "அம்மா, ஐயாவுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது. நான் நீலத்தையே அடிச்சிருதேன். பச்சைய அடிச்சா நாளைக்கு நாலு பேரு சிரிப்பாவ. நீலத்தை அடிச்சா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ" என்றார். மகனும் அதுதான் நல்லது என்றான்.

எனக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஒப்புக்கொண்டது ஒரு நிறம், அனுப்பியது வேறு நிறம் என்றால், அவர் தொழிலில் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. அப்படிச் செய்த ஒரு முதலாளியிடம் அவர் வேலையையே விட்டுவிட்டு வந்தவர். அன்று அந்தியில் விளக்கேற்றிப் பாசுரம் சொல்ல அமர்ந்தேன். சிறுவயதிலிருந்து நாவில் ஊறிய வரிகள் பாதியில் நின்றன. அவர் சொல்லைக் காப்பதா, அவர் பெயரைக் காப்பதா என்று பெருமாளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பெயின்டரைத் தொலைபேசியில் அழைத்து, நீலமே அடியுங்கள் என்றேன்.

வேலை முடிய ஆவணி ஆயிற்று. கார் பழைய மேகநீலத்தில் பளபளத்து நின்றது. என் கணவர் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் மூவருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தார். ஒப்பமிட்ட தகட்டை எடுத்து வரச் சொல்லி, அதைக் காரின் மேல் வைத்துப் பார்த்தார். லோடு வந்திறங்கியதும் மாதிரியை அதன்மேல் வைத்துப் பார்ப்பது சாயக்காரர் கைக்குப் பழகிய வேலை. நாங்கள்தான் அதை மறந்துவிட்டோம்.

"பாத்தியா, ஒரு மாத்துக் குறையலை" என்றார்.

நீலத்தின் மேல் அந்தப் பச்சை அலறிக்கொண்டு கிடந்தது. "ஆமாங்க" என்றேன்.

அத்தோடு முடியவில்லை. காரைப் பார்க்க வந்தவர் அனைவருக்கும் தகட்டை வைத்துக் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்கலானார். ஒருமுறை நான் அதைப் பரணில் எடுத்து வைத்தேன்; அன்று மாலைக்குள் அதைத் தேடத் தொடங்கிவிட்டார், எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வருகிறவர்களை வெளிக்கேட்டிலேயே நிறுத்தி, விவரம் சொல்லி உள்ளே அனுப்புவது என் வேலையாயிற்று. பால் ஊற்றுகிறவர், கோயில் பட்டாச்சாரியார், உறவினர் என்று வந்தவர் எல்லாரும் பார்த்து, ஒன்றேபோல் இருக்கிறது என்றார்கள். என் நாத்தனார், "அச்சு அசலா இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் அஞ்சியது ஒருவரை மட்டுமே. என் கணவரோடு ஒரே பட்டறையில் காலமெல்லாம் வேலை செய்த நண்பர் அவர். நிறத்தில் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். என் கணவர் சரி என்ற நிறத்திலும் ஏதாவது ஒரு குறை சொல்லாமல் அவர் விட்டதே இல்லை. இருவரும் அதற்காகப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பின்றி அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நான் கொல்லையிலிருந்து ஓடி வருவதற்குள் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், துணிக்கு ஏத்துனது பத்தாதுன்னு இரும்புக்கும் சாயம் ஏத்தறீங்களாக்கும்?"

"வாப்பா. குறை சொல்றவன் வராம எனக்குச் சோறே எறங்கலை. இந்தா, இது அப்ரூவல், அது பல்க். உன்ற வாயைத் திறந்து சொல்லு பாக்கலாம்."

நண்பர் தகட்டை வாங்கினார். ஒருமுறை பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு என் கணவரின் கண்களைப் பார்த்தார். அவை நண்பரின் முகத்தைவிட்டுச் சற்று விலகி எங்கோ நின்றன. நண்பர் தகட்டை எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனார். எங்களுக்கு முதுகு காட்டி நின்றபடி அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் ஒரு நிறத்தைப் பார்க்க முடியுமா என்று தோன்றியது. திரும்பி வந்து தகட்டைக் காரின் மேல் வைத்தார்.

"பல்க் ஒரு நூல் டார்க்குங்க மாஸ்டர். பாஸ் பண்ணலாம். ஆனா என்ற பேரைப் போட்டுப் பண்ண மாட்டனுங்க."

என் கணவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியா அம்மிணி, இவனுக்கு மட்டும் எப்பவும் ஒரு நூலு தெரியும்" என்றார். பிறகு இருவரும் அந்த ஒரு நூலுக்காகச் சண்டையிட்டார்கள். வெயிலில் காய்ந்தால் ஒத்துவரும் என்று அவரும், ஒத்துவராது என்று நண்பரும், பட்டறை நாட்களில் பேசிய அதே குரலில் பேசினார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன், அது ஆறிப்போயிற்று. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே இல்லாத ஒரு நூல் இருளைப் பற்றி இரண்டு முதியவர்கள் நெடுநேரம் வழக்காடியதைக் கேட்டபடி நான் உள்ளே அமர்ந்திருந்தேன்.

வெளிக்கேட்டின் அருகே நண்பர் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றார். எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கையில் இருந்த பனியன் வேஸ்ட் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர் சொன்னதுக்கு நான் ஒரு நாளும் சரின்னு சொன்னதில்லீங்க. இன்னைக்குச் சரின்னிருந்தா அவரு கண்டுபிடிச்சிருப்பாருங்க" என்றார்.

அந்தப் புரட்டாசியில் மகன் ஓட்ட, அதே காரில் மலைக்கோயிலுக்குச் சென்றோம். அவருக்கு அப்போது வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. சன்னிதியில் தீபாராதனை காட்டும்போது, "பெருமாள் எப்படி இருக்காரு அம்மிணி" என்று என்னிடம் கேட்டார். எங்கள் கார் நிறத்தில் இருக்கிறார் என்றேன். அவர் கைகூப்பிக்கொண்டார். அடுத்த சித்திரையில் இறைவனடி சேர்ந்தார்.

பெரியோரின் பாசுரங்களில் அந்த ஒரே திருமேனி ஓரிடத்தில் கருமை, ஓரிடத்தில் நீலம், ஓரிடத்தில் பச்சை என வரும். எது சரியான நிறம் என்று சிறுமியாக இருந்தபோது தந்தையிடம் கேட்டிருக்கிறேன். காதலால் நிறைந்த கண் நிறத்தைப் பிரிக்காது என்று அவர் சொன்னதை ஒரு விளக்கமாக மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். இரண்டு கையெழுத்துகள் கொண்ட அந்தத் தகடு இப்போது பெருமாள் படத்தின் அருகில் இருக்கிறது. விளக்கேற்றும்போது அதைத் துடைத்து வைக்கிறேன். அது என்ன நிறம் என்று யாரேனும் கேட்டால், நீலம் என்று சொல்லவே இன்றும் என் நா எழுகிறது.