முனை திரும்பியிருந்த குண்டு

தெற்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பது என் வேலை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒருவரை அனுப்புமுன், உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். இருந்தால் காந்தம் அதை இழுத்துவிடக்கூடும்.

போன பனிக்காலத்தில் முழங்கால் வலியோடு வந்தவர் இல்லை என்றுதான் எழுதிக்கொடுத்திருந்தார். ஸ்ட்ரெதத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியில் அவர் திரும்பியபோது, முதுகெலும்புக்குப் பக்கத்தில் மிளகளவு தழும்பு ஒன்றைக் கண்டேன். கேட்டேன். ஊரில் சண்டைக்காலத்தில் கடல்நீரேரியைக் கடந்து ஓடியபோது கண்டல் மரக் குச்சி ஏதோ குத்தியது, ஒரு கிழமையில் ஆறிவிட்டது என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. டாக்டரிடம் சொல்லி முதலில் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் ஒரு குண்டு இருந்தது. உடையவில்லை, நசுங்கவில்லை. யாரோ பத்திரமாக எடுத்துவைத்ததுபோல் தசைக்குள் படுத்திருந்தது.

என்னோடு வேலை செய்யும் ஆங்கிலேயர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் ஸ்கொட்லாந்து மலைகளுக்கு மான் வேட்டைக்குப் போகிறவர். வேட்டைக் குண்டு உடம்பில் பட்டதும் காளான்போல விரிய வேண்டும், அதற்கு வேகம் வேண்டும் என்றார். தூரம் கூடக்கூட வேகம் செத்துப்போகும். பிறகு அது விரியாது, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். ஒருமுறை பள்ளத்தாக்குக்கு அப்பால் நின்ற பெண்மான் ஒன்றைச் சுட்டாராம். அது தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் புல் மேய்ந்தது. தவறிவிட்டது என்று நினைத்தார். மறுநாள் காலை மலையின் மறுபக்கத்தில் அது செத்துக் கிடந்தது.

இராணுவக் குண்டு விரியவென்று செய்யப்படுவதில்லை. ஆனால் தோலுக்கு இவ்வளவு அருகிலேயே நின்றுவிட்டதென்றால், மிகத் தூரத்திலிருந்து களைத்து வந்திருக்கிறது என்றார். பிறகு திரையில் விரலை வைத்தார். குண்டின் முனை உள்ளே பார்க்கவில்லை. வந்த வழியைப் பார்த்தபடி இருந்தது.

“இந்தச் சின்ன ஆழத்துக்குள் புரள இடமில்லை. புரண்டபடியேதான் வந்திருக்கிறது. இவர்மேல் படுமுன் இன்னொன்றைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது” என்றார். ஒரு மானுக்குப் பின்னால் இன்னொரு மான் நின்றால், குண்டு அதற்கும் போய்விடும் என்று தாங்கள் சுடுவதில்லை என்றும் சொன்னார்.

படத்தைக் காட்டி விளக்கும் பொறுப்பு டாக்டருடையது. மொழிக்காக நானும் கூட இருந்தேன். டாக்டர் போனபின் கடைக்காரர் சட்டையைப் போடாமல் அப்படியே இருந்தார்.

“விடியக்காலமை, தங்கச்சி. இடுப்பளவு தண்ணி. எனக்குப் பின்னால சிநேகிதன் வந்துகொண்டிருந்தவன். ஆரோ முதுகில தட்டினமாதிரி இருந்தது. அவன்தான் கூப்பிடுறான் எண்டு நினைச்சன். பயத்தில உடன திரும்பேல்லை. பிறகு திரும்பிப் பாத்தன். தண்ணி மட்டும்தான் இருந்தது.”

வெடிச்சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, தூரத்தில் கதவு சாத்தியதுபோல் ஒன்று கேட்டது என்றார்.

“கூப்பிட்டவனை விட்டிட்டு வந்திட்டன் எண்டுதான் இவ்வளவு காலமும் நித்திரையில்லாமல் கிடந்தன்” என்றார். பிறகு திரையைக் காட்டினார். “இது ஏன் திரும்பிக் கிடக்குது?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, துவக்கும் வேட்டையும் தெரிந்த ஒருவர் இப்படிச் சொன்னார் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. கையைப் பின்னால் வளைத்து அந்த இடத்தைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை.

“அப்ப அவன் என்னைக் கூப்பிடேல்லை” என்றார்.

குண்டை எடுக்க வேண்டாம், தொந்தரவு தராமல் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். முழங்காலை வேறு வழியில் பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதற்காக வந்தவர், நடைவழியில் என்னைக் கண்டு நின்றார்.

அந்தச் சிநேகிதனின் தமக்கை லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாராம். தம்பியின் பெயரை இன்னமும் காணாமல் போனவர்களின் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவர்களுக்காக நடக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவனுடைய படத்தோடு போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் அங்கே போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா எழுந்து வந்து, சட்டைக்கு மேலாக இவருடைய முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“கனநேரம் கையை எடுக்கேல்லை, தங்கச்சி” என்றார். “தேத்தண்ணி ஆறிப்போச்சு. நானும் எழும்பேல்லை.”