சின்னக்கானல் வளைவில் ஒரு ‘ஒண்ணுமில்லீங்க’

காலை ஐந்தரைக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினோம். காரில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டும். தோப்பை விட்டு இரண்டு நாள் அவரைக் கிளப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு சோதனைச்சாவடி, மறையூர். மறையூரில் பதினைந்து ரூபாய்க்கு நல்ல டீ. மூணாறை அடைந்தபோது மணி பத்தே முக்கால். அறை சூரியநெல்லியில் சொல்லி வைத்திருந்தோம். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தது.

பதினொன்றரை மணி. சின்னக்கானலுக்கு முந்தைய வளைவில், எதிரே வந்த வெள்ளைக் கார் ஒரு ஜீப்பை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே வந்து மோதியது. வளைவில் முந்துகிறான்! கண்ணில்லையா, புத்தியில்லையா? எனக்கு உதட்டில் ரத்தம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மோதிய ஆசாமி இறங்கி வந்தான். போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே, “சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றான். எங்கள் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்குமா? “ஒண்ணுமில்லீங்க, பரவால்லீங்க” என்றார். இடித்தவனுக்கு உபசாரம்!

அவன் நகர்ந்ததும், “ஏனுங்க, நெசமாலுமே ஒண்ணுமில்லீங்களா?” என்று கேட்டேன்.

“கழுத்து புடிச்சாப்ல இருக்குது சரசு. எடது கை மதமதன்னு இருக்குது” என்றார் மெதுவாக.

“அத அவங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க?”

“அவனே பயந்துபோயிருக்கான், பாவம்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே இரண்டு சாத்தியிருப்பேன்.

அதற்குள் கூட்டம். ஒருவர் கதவைத் திறந்து அவர் அக்குளில் கை கொடுத்தார். இன்னொருவர் சோடாவோடு வந்தார். பின்னால் நின்ற வேன்காரர்கள், காரை ஓரம் தள்ளச் சொல்லி ஹாரன் மேல் ஹாரன். நாலு பேர் வேடிக்கைக்குப் படம் பிடித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். நானும் புத்திகெட்டுப்போய் அவர் காலைத் தூக்கக் குனிந்தேன்.

“தொடாதிய! யாரும் அவர அசைக்காதிய!”

கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தேயிலைக் காட்டிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். அக்குளில் கை கொடுத்தவரைப் பார்த்து, “அண்ணே, கைய எடும்!” என்று போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். பிறகு பின்சீட்டில் ஏறி, எங்கள் வீட்டுக்காரர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, நூத்தியெட்டுக்கு அடிங்க. வண்டிய நவுத்துறதுக்கு முன்ன டயரு கெடக்குற எடத்தப் போட்டோ எடுங்க. அவன் நம்பரையும் எடுங்க.”

“எதுக்கு ஆம்புலன்ஸ்? ஜீப்புல போட்டா இப்பவே கொண்டு போயிரலாம்” என்றார் ஜீப்காரர்.

“இந்த ரோட்டுல குலுக்கிக் கொண்டு போயி என்னத்தக் காப்பாத்தப் போறிய?” என்றாள்.

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். அவள் கையை எடுக்கவேயில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் இவர் மரியாதையாகத் தலையாட்டப் பார்த்தார். “ஐயா, தலைய ஆட்டாதியும், வாயால சொல்லும்” என்று நாலுமுறை அதட்டினாள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். கூடவே அந்த ஆசாமி. சமாதானமாகப் போகிறோம் என்று மலையாளத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினான். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

“வீடியோல சார் தன்னே ‘ஒண்ணுமில்ல’ன்னு பறயுந்நுண்டல்லோ?” என்றார் போலீஸ்காரர்.

“எங்க ஊர்ல சாகக் கெடக்குறவனக் கேட்டாலும் ஒண்ணுமில்லீங்கன்னுதான் சார் சொல்லுவான்! ஸ்கேனப் பாருங்க!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரர் சிரிக்காமல், நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

கழுத்தெலும்பில் விரிசல். பிடித்து இழுத்திருந்தால் கைகால் போயிருக்கும் என்றார் டாக்டர். லைசென்ஸுக்கு ‘எச்’ போட வைக்கிறார்கள்; இடிபட்டவனை எப்படித் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தருகிறார்களா? ஐம்பது வயது வரை எனக்கு யார் சொன்னார்கள்? இதை எழுதுவதே அந்த வயிற்றெரிச்சலில்தான்.

ஐந்தாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் தம்பி ஊரிலிருந்து கார் கொண்டு வந்தான். அவனை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, நான் மட்டும் ஒரு ஜீப் பிடித்துச் சின்னக்கானலுக்குப் போனேன். எஸ்டேட் லைன் வீடுகளில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். அவள் பெயர் செல்வமணி. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “இதெல்லாம் எங்கேம்மா படிச்ச? நர்ஸ் வேலை பாத்தியா?” என்று கேட்டேன்.

அவள் உள்ளே காட்டினாள். கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே கால்கள் குச்சியாகத் தெரிந்தன.

“எங்க வீட்டுக்காரரு, யக்கா. எட்டு வருசமாச்சு. ஜீப்பு கவுந்துச்சு. உள்ள கெடக்கும்போது நல்லாத்தான் பேசுனாரு. கால ஆட்டிக் காட்டுனாரு. ஒரு கைய எங்க அண்ணன் புடிச்சு இழுத்தாரு.”

“இன்னொரு கைய?”

“நான்தாங்க்கா.”