அப்பாவுக்கு வந்தது கேஸ் அல்ல

எங்கள் அப்பா அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அப்பா இறந்தது வயிற்றுப் புற்றுநோயால். "உடல்நலக் குறைவால்" என்று போடச் சொன்னார்கள். நான் போடவில்லை.

பண்ருட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில், முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போன குடும்பத்தில் அப்பா பிறந்தார். மூன்று சகோதரர்களில் நடுப்பிள்ளை. ஐ.டி.ஐ. படித்து, சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்து, பல வருடம் காத்திருந்து பெர்மனன்ட் ஆனார். நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பழுதுபார்க்கும் வேலை. எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும், "என்னா கொழம்பு?" என்று அம்மாவைக் கேட்டபடிதான் குவார்ட்டர்ஸுக்குள் நுழைவார். கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். ஊர் வேலைக்கெல்லாம் அலைந்தவர் தன் வயிற்றை மட்டும் கவனிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் வயிற்றுவலிக்கு ஒரே பெயர்தான்: கேஸ். நெஞ்சு எரிந்தால் கேஸ், சாப்பாடு இறங்காவிட்டால் கேஸ், முதுகில் குத்தினாலும் கேஸ். உடனே ஓமத் தண்ணீர், சோடா, மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. "நம்ம வம்சத்துக்கே கேஸ் ஒடம்பு" என்று அப்பா ஏதோ பெருமை போலச் சொல்வார். நாங்களும் சிரிப்போம். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா ஒருமுறை டாக்டரிடம் போனார். நானும் கூட இருந்தேன். "குடும்பத்துல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் கெடையாதுங்க. எங்க அண்ணன் போனதுகூட மஞ்சக்காமாலைலதான்" என்றார் அப்பா.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, குறையாவிட்டால் குழாய் விட்டுப் பார்க்கலாம், கட்டாயம் வாருங்கள் என்றார். கொஞ்சம் குறைந்தது. அப்பா திரும்பப் போகவில்லை.

உடம்பு இளைத்து, மலம் கறுப்பாகப் போன பிறகுதான் எண்டாஸ்கோபி எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கிருமி வெகுகாலமாகக் குடியிருந்து புண்ணாக்கியிருக்கிறது, புற்றும் வந்து பரவிவிட்டது என்றார்கள். அதைக் கேட்டதும் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"பெரியண்ணனுக்கும் இதேதாம்மா. கண்ணாலம் நிச்சயமான அவரு பொண்ண வூட்ல வெச்சிகினு எப்பிடி வெளிய சொல்றது? காமாலன்னு சொல்லிட்டோம். ஒங்கப்பாவுக்குக்கூட சொல்லல."

அப்பா டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்குத்தான் பொய் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்திருந்தால் அன்றே குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள். பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்காமலே விட்டோமே என்பதுதான் ஆறவில்லை.

இந்தக் கிருமி ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடியது என்றும், பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால் மற்றவர்கள் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் டாக்டர் சொன்னார். நானும் தம்பியும் போனோம். எனக்குக் கிருமி இருந்தது. வாயெல்லாம் கசந்தாலும் கொடுத்த மாத்திரைகளை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன். மறுபடி பார்த்தபோது இல்லை. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஒரு வருடமாகச் சொந்தக்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். "நல்லாத்தானே இருக்கோம்" என்கிறார்கள்.

கடைசி மாதங்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காவுக்கும், ரத்தம் கொடுத்த ஷிஃப்ட் தோழர்களுக்கும், எதையும் மறைக்காமல் சொன்ன டாக்டர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, அப்பாவைக் கடைசிவரை கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனது நீங்கள்தான். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. போன வாரம் ஃபோனில், "மலர்ல கேன்சர்னு போடாதம்மா, எம்பொண்ணுக்கு, ஒன் தங்கச்சிக்கு, மாப்ள பாத்துகினு இருக்கோம்" என்றீர்கள். பேச்சுக்கு நடுவே ஏப்பம் விட்டு, "கேஸும்மா" என்றீர்கள். போட்டுவிட்டேன். என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள், பேசாமல்கூட இருங்கள். ஆனால் போய்ப் பாருங்கள். தங்கச்சியைத் தாரை வார்த்துக் கொடுக்க நீங்கள் இருக்க வேண்டும்.