மூக்கு குத்தின ஒட்டகம்

மாரண்டஹள்ளி ஓட்டுச் சூளையில ராஜமேரிக்கு மண்ணு மிதிக்கிற வேலை. ஆனா மதியம் எல்லாரும் சோத்துக்கு உக்காந்தா, அவ கையி மட்டும் சும்மா இருக்காது. மிச்ச மண்ணுல கரடி, காட்டுப்பன்னி, கன்னு ஈனுற எருமைன்னு பண்ணி ஓட்டோட ஓடா சூளையில வெச்சிடுவா. அந்த எருமை முகத்துல இருக்கற வலி இருக்குதே, அடடா, பாத்தா நாமளே போயி கன்னைப் பிடிச்சு இழுத்து விடலாமான்னு தோணும்!

மாதா கோயில்ல கிறிஸ்மஸ் குடிலுக்கு ஆடு, மாடு, கழுதை எல்லாமே அவ பண்ணதுதான். குழந்தை ஏசுவைப் பாக்க வர்ற மூணு ராஜாக்களோட ஒட்டகம் மட்டும் அமையல. ஒல்லிக் காலு, முந்தின ரெண்டு வருசமும் சூளையிலயே முறிஞ்சு போச்சு. 1972-ல குடில் கட்டற கஸ்பார் கறாராச் சொல்லிட்டாரு.

"இந்தத் தடவையும் ஒடஞ்சா அட்டை ஒட்டகந்தாம்மா. பெயிண்டர் வரைஞ்சே குடுத்துட்டாரு."

அட்டையா! தன்னோட மாட்டுக்குப் பக்கத்துல அட்டையா! ராஜமேரிக்குச் சோறு எறங்கல.

வூட்டு வாசல்ல எருது அசைபோட்டுக்கிட்டுப் படுத்திருந்துச்சு. அதையே பாத்தா. ஒட்டகத்தையும் படுக்க வெச்சா? காலை மடக்கிட்டா முறியறதுக்கு என்ன இருக்குது!

இன்னொரு சிக்கல். உள்ள வெத்தா, கூடா இருக்கற பொம்மைக்கு ஆவி போக ஓட்டை வேணும், இல்லேன்னா வெடிச்சிடும். எப்பவும் வயித்துக்கடியில குத்துவா. இப்ப வயிறு தரையில. சரின்னு ஆவி மேல ஏற கழுத்தையும் வெத்தாவே விட்டு, எருதுக்குக் குத்தற மாதிரி மூக்குல குத்திட்டா.

வெடிக்கல! செக்கச்செவேல்னு முழுசா வந்துச்சு. மூக்குல கயிறும் கோத்து, கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனா.

கஸ்பார் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ஏம்மா, மூணு ராஜாவும் இத ஏர்ல பூட்டப் போறாங்களா?"

ராஜமேரி மூஞ்சி சுண்டிப் போச்சு. அவரு அட்டையக் கையில எடுத்துட்டாரு.

லீவுல வந்திருந்த பட்டாளத்துக்காரன் சவரிமுத்து, ராஜஸ்தான்ல மூணு வருசம் இருந்தவன், குனிஞ்சு பாத்தான்.

"அண்ணா, அட்டையக் கீழ வைங்க. பாரம் ஏத்தறப்ப ஒட்டகம் இப்படித்தான் காலை மடக்கி உக்காரும். அங்கயும் மூக்குலதான் கயிறு கட்டுவாங்க. ஏக்கா, நீங்க எங்க பாத்தீங்க?"

"எங்க வூட்டு வாசல்ல."

இப்ப கஸ்பாரைப் பாத்துத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே ஒட்டகத்தை ரெண்டு கையாலயும் தூக்கி, ராஜாக்களுக்கு முன்னாடி வெச்சாரு. அட்டை வீணாப் போகல, குடில் வெளக்குக்குக் காத்து மறைக்க ஆச்சு.